கவுன்சலரிடம் இதையெல்லாம் கேட்கலாமா?

வீடியோ வழியாக மனநல ஆலோசனை பெறுவது குறித்து வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் எழுதியிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வாசகி, ஈரோடு: ஒரு செயலியைத் திறந்தால் பத்துப் பதினைந்து பேரின் படம் வருகிறது. எல்லோர் பெயருக்குக் கீழும் ‘அனுபவம் மிக்க ஆலோசகர்’ என்றுதான் இருக்கிறது. யாரை நம்புவது?

அந்த வரியை விட்டுவிட்டுப் படிப்பையும் பதிவு எண்ணையும் தேடுங்கள். ‘கவுன்சலர்’ என்ற சொல்லை நம் நாட்டில் நடைமுறையில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிறது. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர், பதினைந்து ஆண்டு மருத்துவமனையில் வேலை பார்த்தவரும் கவுன்சலர். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ அப்படியல்ல. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்த அமைப்பை ஆர்.சி.ஐ. என்பார்கள். இன்று பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதுகலை முடித்த பிறகு இரண்டு ஆண்டு எம்.ஃபில். படித்தவர்கள். நோயாளிகளை நேரில் பார்த்து, மூத்தவர் மேற்பார்வையில் பழகுவதுதான் அந்தப் படிப்பின் பெரும்பகுதி. அவருக்கு சி.ஆர்.ஆர். எண் என்ற பதிவு எண் ஒன்று இருக்கும். கேட்டு வாங்கி, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்திருப்பார், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்து எழுதும் உரிமை இவருக்கு உண்டு, ஆலோசகருக்குக் கிடையாது.

எம்.எஸ்சி. உளவியல், எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு மிக நன்றாக ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பச் சிக்கல், வேலை அழுத்தம், இழப்பின் துக்கம் போன்றவற்றுக்கு அவர்கள் போதும். ஆனால் பதிவு எண் வைத்துச் சரிபார்க்க வழியில்லாத இடத்தில் கேள்வி கேட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். பலர் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் இலவசமாகப் பேசுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள். என்னுடைய பிரச்சினை உள்ளவர்களோடு எத்தனை காலமாக வேலை செய்கிறீர்கள்? எந்த முறையில் செய்வீர்கள், ஏன் அந்த முறை? உங்களுக்கு மேற்பார்வையாளர் யாராவது உண்டா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் கடினமான விஷயங்களை, உங்கள் அடையாளத்தை மறைத்து, இன்னொரு மூத்தவரிடமோ சக ஆலோசகரிடமோ கலந்து பேசுவார். அப்படிச் செய்கிறவர் இந்தக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்வார். ‘எனக்கு எதற்கு மேற்பார்வை?’ என்று முகம் சுளித்தால் அடுத்தவரைப் பாருங்கள். ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். பத்து ஆண்டு பள்ளி மாணவர்களோடு மட்டும் வேலை செய்தவருக்கு, உங்கள் கணவரின் குடிப்பழக்கத்தைக் கையாளும் பயிற்சி இருக்க வேண்டும் என்பதில்லை.

‘ஐந்து சிட்டிங்கில் குணம், உத்தரவாதம்’ என்கிறவர், முதல் நாளே இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்கிறவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இந்த மூவரிடமும் போகாதீர்கள்.

வாசகி, மதுரை: இரண்டு அறை வீடு. மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள். மாமியாரைப் பற்றித்தான் பேசவே வேண்டும். எங்கே உட்கார்ந்து பேசுவது?

இணையவழி ஆலோசனை பாதியில் நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்றே சொல்லலாம். அறை கிடைக்காதவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். குரல் தாழ்ந்தால் விஷயமும் தாழ்ந்துவிடும். நாலு வாரம் கழித்து ‘எல்லாம் பரவாயில்லை மேடம்’ என்று முடித்துக்கொள்வார்.

முதலில் நேரத்தைத் தேடுங்கள், பிறகு இடம் தானாக அமையும். பிள்ளைகள் பள்ளியில், மாமனார் வங்கிக்கோ கடைத்தெருவுக்கோ, மாமியார் கோயிலுக்கோ போகிற வேளை வாரத்தில் ஒரு நாளாவது இருக்கும். ஆலோசகரிடம் அந்த நேரத்தையே நிரந்தரமாகக் கேளுங்கள். அதுவும் வாய்க்காவிட்டால் மொட்டை மாடி, தோழியின் வீடு, நிறுத்தி வைத்த கார். கார் என்றால் நிழலில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு. ஓட்டிக்கொண்டே பேசுவது கூடவே கூடாது; கண்ணில் நீர் முட்டும்போது கை ஸ்டியரிங்கில் இருக்கக் கூடாது. நல்ல ஆலோசகர் வண்டிச் சத்தம் கேட்டாலே அமர்வை நிறுத்திவிடுவார்.

இயர்போன் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆலோசகர் குரலை மட்டும்தான் மறைக்கும், உங்கள் குரல் கதவுக்கு வெளியே போகும். கதவுக்கு வெளியே மேசை மின்விசிறியையோ ரேடியோவையோ ஓடவிடுங்கள். கதவடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள். வாயால் சொல்ல முடியாததை வீடியோவிலேயே உள்ள சாட் பகுதியில் தட்டச்சு செய்யலாம். ஒரு அடையாளச் சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உள்ளே வந்தால் நீங்கள் ‘அந்த ரிப்போர்ட் நாளைக்கு அனுப்புறேன்’ என்பீர்கள். அவர் உடனே பேச்சை நிறுத்திவிடுவார். இதை முதல் அமர்விலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கருவி விஷயத்தில் அதிகம் தேவையில்லை. போனைக் கையில் பிடிக்காமல், டம்ளரிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து, கண் மட்டத்தில், இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். முகத்தோடு தோளும் கையும் தெரிய வேண்டும். கையைப் பிசைவதும் தோள் இறுகுவதும் ஆலோசகருக்கு முக்கியமான செய்திகள். வெளிச்சம் முன்னால் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் கருத்துவிடும். ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல் வரை டேட்டா போகும், அதனால் தினசரி அளவு தீர்ந்திருக்கும் இரவு நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் முகமே உங்களுக்குத் தெரிவது தொந்தரவாக இருந்தால் அதை மறைக்கும் வசதி இருக்கிறது; அழுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால், மனதைத் திறந்த நொடியில் திரை உறையும்போது ‘அவர் வைத்துவிட்டார்’ என்று தோன்றிவிடும்.

நேரில் போகிறவருக்கு வீடு திரும்பும் பேருந்துப் பயணம் ஓர் இடைவெளியாகிறது. உங்களுக்கு அது இல்லை. கதவைத் திறந்தால் சமையல்கட்டு. அதனால் அமர்வு முடிந்ததும் பத்து நிமிடத்தை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். முகம் கழுவி, பேசியதில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். நோட்டை மற்றவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: முதல் இரண்டு அமர்வும் கேள்வி மேல் கேள்வியாகவே போனது. தூக்கம், பசி, தாத்தா பாட்டிக்கு மனநோய் இருந்ததா என்றெல்லாம் கேட்டார். வழி எதுவும் சொல்லவில்லை. காசு வீணா?

வீணில்லை. அனுபவம் உள்ளவர் முதல் ஒன்று இரண்டு அமர்வில் அவசரப்பட்டு அறிவுரை சொல்ல மாட்டார். தூக்கமும் பசியும் கெட்டிருப்பது மனச்சோர்வால் இருக்கலாம், தைராய்டாலும் இருக்கலாம், இரவில் குடிக்கும் மதுவாலும் இருக்கலாம். இதைப் பிரித்தறியாமல் ஆரம்பிப்பது தவறு. சிலர் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைத் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்பார்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு உதவும்.

ஆனால் மூன்றாவது அமர்வில் ஒரு திட்டம் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள்: ‘என் பிரச்சினையை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்? எதை நோக்கிப் போகிறோம்? ஏறத்தாழ எத்தனை அமர்வு?’ இலக்கு அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ‘நிம்மதி வேண்டும்’ என்பதை யாராலும் அளக்க முடியாது. ‘வாரத்தில் ஐந்து நாளாவது காலை ஏழு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டும்’, ‘மேலாளர் கூப்பிட்டால் கை நடுங்காமல் உள்ளே போக வேண்டும்’ என்பவற்றை அளக்கலாம்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற சி.பி.டி. முறை என்றால் ஒவ்வொரு அமர்வுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சென்ற வாரம் எப்படி இருந்தது, வீட்டுப் பயிற்சி என்ன ஆயிற்று, இன்று எதைப் பேசுவது என்று தொடங்கி, ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அலசி, அடுத்த வாரப் பயிற்சியோடு முடியும். 45 முதல் 50 நிமிடம். மனச்சோர்வுக்கு 12 முதல் 16 அமர்வு என்பது பொதுவான கணக்கு, சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். வீட்டுப் பயிற்சி இல்லாவிட்டால் இந்த முறையின் பலன் குறையும். நோட்டில் கட்டம் போட்டு, என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன, வருத்தமோ பயமோ நூற்றுக்கு எவ்வளவு, அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எது, எதிரான ஆதாரம் எது என்று எழுதச் சொல்வார்கள். பலர் சறுக்குவது இரண்டாவது கட்டத்தில். ‘கவலையாக இருந்தது’ என்று எழுதுவார்கள். அது உணர்வு. மனதில் ஓடிய வாக்கியம் ‘என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்’ என்பது. அந்த வாக்கியம் கிடைத்தால்தான் அலச முடியும். எழுத முடியாமல் போன வாரத்தில் அமர்வை ரத்து செய்யாதீர்கள். ஏன் எழுத முடியவில்லை என்பதே அன்றைக்குப் பேச வேண்டிய விஷயம்.

வாசகி, கோயம்புத்தூர்: ஏழு அமர்வு ஆகிவிட்டது. மேடம் அன்பானவர், அக்கா மாதிரி பழகுகிறார். ஆனால் எனக்குள் எதுவும் மாறவில்லை. போன வாரம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது ‘பெற்றோர் நல்லதுக்குத்தானே சொல்வார்கள்’ என்றார், மனது சுருங்கிவிட்டது. சொன்னால் வருத்தப்படுவாரோ என்று தயக்கம். சொல்லாமல் வேறு ஆளிடம் போய்விடலாமா?

போகலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன் ஒரு தடவை அவரிடமே சொல்லிப் பாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறை என்று சொல்லாத வளர்ப்பு நம்முடையது. உதவி செய்கிறவரிடம் குறை சொல்வது நன்றி கெட்டதனம் என்று தோன்றும். இங்கே நிலைமை வேறு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு போர்டின் 1979-இல், சிகிச்சையில் இருவரும் கூட்டாகச் செய்யும் வேலையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, இலக்கில் ஒத்த கருத்து, அதை அடையச் செய்யும் வேலைகளில் ஒத்த கருத்து. உங்களுக்கு முதலாவது இருக்கிறது. அடுத்த இரண்டும் இல்லை. அன்பு மட்டும் இருந்தால் அமர்வு இதமாக இருக்கும், வாழ்க்கை அப்படியே இருக்கும்.

மனது சுருங்கும் இப்படியான தருணம் ஏறத்தாழ எல்லாச் சிகிச்சையிலும் வருகிறது. அதைப் பேசிச் சரிசெய்துகொண்ட இடங்களில் சிகிச்சை பலப்படுகிறது. வீடியோவில் ஒரு சங்கடம் கூடுதல்: உங்கள் முகம் மாறியதை அவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். படம் தேங்கியிருக்கும், அல்லது அவர் கண் கேமராவில் இருந்திருக்கும். ஆக, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

எப்படிச் சொல்வது? அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லாதீர்கள், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரில் வாய் வராவிட்டால் முதல் நாள் ஒரு செய்தி அனுப்புங்கள். ‘மேடம், போன வாரம் அப்பாவைப் பற்றி நான் சொன்னதுக்கு, பெற்றோர் நல்லதுக்குத்தான் சொல்வார்கள் என்றீர்கள். நான் சொன்னது பெரிதில்லை என்பதுபோல எனக்குப் பட்டது. அதற்கப்புறம் அன்றைக்கு என்னால் பேச முடியவில்லை. நாளைக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?’ இவ்வளவு போதும். குற்றம் சாட்ட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். கூடவே, ‘ஏழு அமர்வு ஆயிற்று, நாம் நினைத்ததில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கலாமா?’ என்றும் கேளுங்கள். ஆரம்பத்தில் போட்ட மதிப்பெண் தாள் இருந்தால் இப்போது மறுபடி போடச் சொல்லுங்கள். பி.எச்.க்யூ-9-இல் ஐந்து புள்ளியாவது குறைந்திருந்தால் உண்மையான முன்னேற்றம் என்று கொள்வார்கள். சில சமயம் நமக்கே தெரியாமல் மாற்றம் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றாலும் அது தாளில் தெரிந்துவிடும்.

பிறகு அவர் செய்வதைப் பாருங்கள். பயிற்சி உள்ளவர் தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பிக்க மாட்டார். ‘சொன்னது நல்லது, நான் தவறவிட்டிருக்கிறேன்’ என்று ஏற்றுக்கொண்டு, அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று கேட்பார்; திட்டத்தையும் மாற்றுவார். அதற்கு இரண்டு மூன்று அமர்வு அவகாசம் கொடுங்கள். மாறாக, நீங்கள் தொட்டதற்கெல்லாம் வருந்துகிற ஆள் என்கிறார், அல்லது அவர் மனம் நொந்துபோய் நீங்கள் அவரைத் தேற்ற வேண்டியதாகிறது என்றால், தயங்காமல் மாறிவிடுங்கள். மாறும்போது ஒரு பக்கச் சுருக்கக் குறிப்பு கேட்டு வாங்குங்கள்: எப்போது தொடங்கியது, எந்த முறை, எத்தனை அமர்வு, எது பலன் தந்தது, எது தரவில்லை. புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் வேதனை பாதியாகக் குறையும்.

‘அக்கா மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாசம் தவறில்லை. ஆனால் ஆலோசகர் தன் வீட்டுப் பிரச்சினையை உங்களிடம் சொல்கிறாரா, நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அரட்டை நடக்கிறதா, கைமாற்று கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். எல்லை கலைந்த இடத்தில் சிகிச்சை நடக்காது. பாலியல் நோக்கில் ஒரு சொல் வந்தாலும் அந்த நிமிடமே இணைப்பைத் துண்டியுங்கள். அதற்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்றவர் என்றால் அங்கேயும், செயலி வழி வந்தவர் என்றால் அந்த நிறுவனத்திடமும் புகார் செய்யலாம். 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

வாசகி, சேலம்: நான் பேசுவதைப் பதிவு செய்து வைப்பார்களா? என் கணவர் போன் செய்து கேட்டால் சொல்லிவிடுவார்களா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைப்பதை உரிமையாகவே சொல்கிறது. உங்கள் கணவர் கேட்டால், நீங்கள் தன்னிடம் சிகிச்சைக்கு வருகிறீர்களா இல்லையா என்பதைக்கூட ஆலோசகர் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, மற்றவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடப்பது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விலக்குகளை முதல் அமர்விலேயே விளக்கி உங்கள் சம்மதத்தை எழுத்திலோ வாய்மொழியாகவோ வாங்க வேண்டும். உங்கள் அனுமதி இல்லாமல் வீடியோவைப் பதிவு செய்யக் கூடாது. குறிப்பு எழுதுவார்கள், அது தேவை. எங்கே எத்தனை காலம் வைப்பார்கள் என்று கேளுங்கள்.

ரகசியம் பெரும்பாலும் ஆலோசகரிடமிருந்து கசிவதில்லை, உங்கள் போனிலிருந்துதான் கசிகிறது. பூட்டிய திரையில் ‘நாளை 4 மணிக்கு உங்கள் அமர்வு’ என்று செய்தி மின்னும். யு.பி.ஐ. கணக்கு விவரத்தில் மருத்துவமனைப் பெயர் நிற்கும். கூட்டு வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி கணவர் எண்ணுக்குப் போகும். குடும்பம் முழுக்க ஒரே மின்னஞ்சலில் இருந்தால் நாட்காட்டி அழைப்பு எல்லோர் போனிலும் தெரியும். தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். செய்தியின் உள்ளடக்கம் திரையில் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். நினைவூட்டலில் என்ன வாசகம் வர வேண்டும் என்று ஆலோசகரிடமே சொல்லிவிடுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: தம்பிக்கு 24 வயது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். மூன்று நாளாகத் தூங்கவில்லை. வெளியே வர மறுக்கிறான். ஆன்லைன் கவுன்சலிங் ஏற்பாடு செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவருக்கு முதலில் வேண்டியது மனநல மருத்துவரின் நேர்ப் பரிசோதனை, அதுவும் இன்றோ நாளையோ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எப்படி அழைத்துப் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குரல் கேட்பதைப் பற்றி அவரோடு வாதாடாதீர்கள். ‘தூக்கம் இல்லாமல் உடம்பு கெட்டுவிடும், அதற்கு டாக்டரைப் பார்ப்போம்’ என்றால் பலர் சம்மதிக்கிறார்கள்.

திரை வழியாகச் செய்யக் கூடாதவை இன்னும் சில உண்டு. தினமும் அதிகம் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடியை நிறுத்துவது மருத்துவ மேற்பார்வையில்தான். சாப்பிடாமல் எடை மிகவும் குறைந்தவரையும், தற்கொலைக்குத் திட்டமும் வழியும் வைத்திருப்பவரையும் நேரில்தான் பார்க்க வேண்டும். அடிக்கிறவர் அதே வீட்டில் இருக்கும்போது வீடியோவில் பேசுவது பாதிக்கப்பட்டவருக்கே ஆபத்து.

அனுபவமுள்ள ஆலோசகர் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்பார். நெருக்கமான ஒருவரின் எண்ணையும் வாங்கி வைப்பார். இது வேவு பார்ப்பதல்ல. அவசரத்தில் 108-ஐ எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதற்காக. தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணம் குற்றமல்ல. முயன்றவரைக்கூடக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு. ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள். அமர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இரவு தாங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 இருக்கிறது, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

வாசகி, நாகர்கோவில்: மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆன்லைனில் கவுன்சலிங்கும் போகிறேன். இரண்டும் தேவையா?

பலருக்கு இரண்டும் சேர்ந்துதான் பலன் தருகிறது. மனச்சோர்வு மாத்திரை முழுமையாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இடையில் ‘கவுன்சலிங்கே போதும்’ என்று சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லி மட்டும். இருவரும் உங்களைப் பற்றிப் பேசிக்கொள்ள எழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுங்கள்.

வாசகர், விழுப்புரம்: மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். வாரம் ஒரு அமர்வு கட்டுப்படியாகவில்லை.

கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வருமானத்துக்கு ஏற்ப வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். முதல் நாலைந்து அமர்வை வாரா வாரம் வைத்துக்கொண்டு, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்கி, இடையில் வீட்டுப் பயிற்சியைக் கூட்டலாம். தொடக்கத்திலேயே மாதம் ஒன்று என்று வைத்தால் சூடு பிடிக்காது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்பது பலருடைய விதி. உங்களுக்கு ஷிஃப்ட் வேலை என்றால் முன்பே பேசிவிடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். காப்பீடு வைத்திருந்தால், மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாகக் கருத வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வீடியோ அமர்வுக்குத் தராது. வெளிநோயாளிச் செலவு அதில் சேருமா என்று பாலிசியில் பாருங்கள்.

வாசகர், ஷார்ஜா: இங்கே ஆங்கிலத்தில் ஆலோசகர் கிடைக்கிறார். எனக்குத் தமிழில்தான் மனதைச் சொல்ல வருகிறது. ஊரில் இருக்கிறவரிடம் பேசலாமா?

துக்கமும் கோபமும் அவமானமும் தாய்மொழியில்தான் சூட்டோடு வரும். ‘மனசு அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முனைந்தால் பாதி வெளியேயே நின்றுவிடும். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். உங்கள் மாலை ஏழு அவருக்கு இரவு எட்டரை. வாட்ஸ்அப் அழைப்புக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால் வேறு எந்தத் தளம் என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அவர் சிகிச்சை தரலாமா, அந்த நாட்டு உரிமம் தேவையா என்பதை அவரிடம் கேளுங்கள்; அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அறையில் ஆறு பேர் தங்கியிருந்தால் மதுரை வாசகிக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும். ஓர் அவசரம் என்றால் ஊரில் இருக்கும் ஆலோசகரால் உங்கள் இடத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது. அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணையும், பக்கத்து மருத்துவமனை விவரத்தையும் முதல் நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாசகி, புதுச்சேரி: ஐந்து மாதமாகப் பேசுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று விரித்துக்கொண்டு போங்கள். அந்த இடைவெளியில் ஏதாவது சறுக்கல் வந்தால் அது நல்லதே. ஆலோசகர் உடன் இருக்கும்போதே அதைச் சமாளித்துப் பார்க்க முடிகிறது. கடைசி இரண்டு அமர்வில் ஒரு தாள் தயாரியுங்கள். உங்களுக்கு மறுபடி கெடத் தொடங்கினால் முதலில் தெரியும் அறிகுறி எது? சிலருக்கு அதிகாலை மூன்று மணி விழிப்பு, சிலருக்குத் தோழியின் அழைப்பை எடுக்காமல் விடுவது, சிலருக்கு இரண்டு நாள் தலை சீவாமல் இருப்பது. உங்களுடையதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அதற்கு எதிரே, இந்த ஐந்து மாதத்தில் எந்தப் பயிற்சி கைகொடுத்ததோ அதை எழுதுங்கள். இரண்டு வாரம் அப்படியே நீடித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். விட்டுப்போன பிறகு மறுபடி வர வேண்டியிருந்தால் நேரம் எப்படிக் கிடைக்கும், புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா என்பதைக் கேட்டு, அதே தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.